சமயபுரத்தாள் நோற்கும் நோன்பு



தெய்வத்தின் அருளை நாடி மனிதர் உணவு துறந்து நோன்பிருப்பது நம் நாட்டில் புதிய செய்தியன்று. ஏகாதசியன்று துளசித் தீர்த்தம் மட்டும் அருந்தி இருப்பவர்களையும், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர்களையும், நவராத்திரியில் ஒருவேளை உணவோடு தேவியை ஆராதிப்பவர்களையும் நாம் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால், அடியார்களுக்காகத் தெய்வமே உணவு துறந்து நோன்பிருக்கிறது என்ற நம்பிக்கையோடு, மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 28 நாள் அத்தெய்வத்துக்குச் சமைத்த உணவு எதையும் நிவேதனம் செய்யாமல், அது பசித்திருக்கும் அந்தக் காலமெல்லாம் அதன்மீது கூடை கூடையாகப் பூவைச் சொரிந்து அதன் வெம்மையைத் தணிக்க முயலும் ஒரு சம்பிரதாயம், கொள்ளிடத்துக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியை ஒட்டியுள்ள சமயபுரத்தில் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. அந்த நோன்பைப் பச்சைப் பட்டினி விரதம் என்கிறார்கள். பூவைச் சொரியும் விழாவைப் பூச்சொரிதல் என்கிறார்கள். மாரியம்மனை வழிபடும் நெறிகளுள் இதனினும் ஆழ்ந்த பொருளுடையதொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இன்று உங்கள் முன் இதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இன்று சமயபுரம் என்று நாம் வழங்கும் இடத்தை ஒட்டியே பழைய கண்ணனூர் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரன், சோழநாட்டு அரசியலில் தலையிட்டுத் தெற்கே வந்தபோது, தன் தென்னாட்டு ஆட்சிக்குத் தலைநகராக அமைத்துக்கொண்டது அந்தக் கண்ணனூரையே. அவன் எடுப்பித்த சிவாலயம் போஜீசுவரம் என்ற பெயரோடு இன்றும் அங்கே இருக்கிறது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டு கழிந்து, 1342-இல், அவன் வழியில் வந்த மூன்றாம் வீர வல்லாளன் மதுரைச் சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு உயிரிழக்கக் காரணமாயிருந்ததும் இதே கண்ணனூரில் நடந்த முற்றுகைதான். அரசர்களின் கோட்டையும் கொத்தளமும் இருந்த இடம் எது என்று இப்போது தேடிப் பார்த்தாலும் தெளிவாகப் புலப்படவில்லை. ‘கண்ணனூராளே, கண்ணபுரத்தாளே, ஆயிரங் கண்ணுடையாளே’ என்று ஒரு பெண்தெய்வத்தைக் கூவியழைக்கும் குரல்களில் அந்த ஊர்ப்பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கருவறையில் அன்னை வீற்றிருக்கும் திருக்கோலம் பெரியது. எட்டுக் கரங்களும், தலைக்கு மேல் குடைபோல் விரிந்த நாகமும் உடையது. அந்தத் திருமேனி மூலிகைகளும் சுதையும் கொண்டு அமைந்ததென்று சொல்லுகிறார்கள். அதனால் நீராலும் பாலாலும் செய்யும் அபிஷேகம் அதற்கு இல்லை. திருமஞ்சனமெல்லாம் உற்சவத் திருமேனிக்கே நடைபெறும். நான் பேசப்போகும் விஷயத்துக்கு இது சம்பந்தமுடையது. நீராட்டிக் குளிர்விக்க இயலாத திருமேனியைப் பூவால் குளிர்விக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி கடைசி ஞாயிறன்று முதற் பூச்சொரிதல் நடக்கிறது. அன்று கோயிலின் சார்பில் யானைமீதும் கைத்தட்டுகளிலும் மலர் கொண்டுவந்து மேளதாளத்தோடு அன்னைக்குச் சாத்துவதைத் தொடர்ந்து, திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தெருக்கள், சந்தைகள், தொழிலாளர் கூட்டங்கள், வணிகர் குழுக்கள் எல்லாம் தத்தம் பங்காகப் பூவண்டிகளை அலங்கரித்து, அம்மன் படத்தை முன்னே வைத்து, இரவு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். மல்லிகையும் முல்லையும் செவ்வந்தியும் அரளியும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் கலந்து கருவறையை நிரப்பிவிடும். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்படியே பூச்சொரிதல் தொடரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவரங்கத்துப் பூச்சந்தைக்குச் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: எடை போட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களுள் பாதிப்பேர் செல்வர்களல்லர், ஒரு வாரக் கூலியில் ஒரு பகுதியை மடியில் முடிந்து வைத்திருந்து, ஆத்தாளுக்கு ஒரு கூடை என்று வாங்கிக்கொண்டு நடக்கிறவர்கள்.

இந்த 28 நாளும் மடைப்பள்ளியில் அன்னைக்கென்று தளிகை இல்லை. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தயிரன்னமும் நின்றுவிடுகின்றன. அவற்றுக்குப் பதிலாக நிவேதனமாவன துள்ளுமாவு, இளநீர், நீர்மோர், பானகம், கரும்புச்சாறு ஆகியவையே. துள்ளுமாவு என்பதை இளைய தலைமுறையினர் அறியாதிருக்கலாம். பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் போகுமுன் உரலிலிட்டு இடித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தால் அதுவே துள்ளுமாவு. அதைச் செய்வதற்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் உள்ள எதையும் மடைப்பள்ளி அடுப்பில் ஏற்றிச் சமைக்க வேண்டியதில்லை. இவை அனைத்தும் குளிர்ச்சி தருவன என்று நம் வீடுகளில் பரம்பரையாகக் கருதப்பட்டவை.

இந்த நோன்பு எதற்காக என்று கேட்டால் தலபுராணம் ஒரு விடை சொல்லுகிறது. மகிஷாசுரனை வதைத்த பின் அந்தக் கொலையின் தோஷம் நீங்கவும், போரில் மூண்ட சினத்தின் வெம்மை ஆறவும், தேவி உணவு துறந்து தவமிருந்தாள் என்பது அந்த ஐதிகம். கோயிலாரும் அடியார்களும் வாய்மொழியாகச் சொல்லும் விடை வேறொன்று: உலகம் நோய்நொடியின்றி இருக்கவேண்டும், தன் பிள்ளைகள் நலமாக இருக்கவேண்டும் என்பதற்காக அன்னை தானே நோன்பிருக்கிறாள் என்பது அது. புராணத்தை நான் மறுக்க வரவில்லை. அசுரனைக் கொன்றதற்குக்கூடப் பிராயச்சித்தம் தேடும் தெய்வம் என்ற கருத்து மிக உயர்ந்ததே. ஆயினும் இரண்டாவது விடையிலேதான் இந்த விழாவின் உயிர் இருக்கிறதென்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குச் சாட்சி ஏட்டில் இல்லை. அன்னையின் நிவேதனத் தட்டில் இருக்கிறது.

துள்ளுமாவு, இளநீர், நீர்மோர், பானகம். இந்த உணவுகளை நாம் வேறெங்கே ஒருசேரக் கண்டிருக்கிறோம்? அம்மை போட்ட வீட்டில் கண்டிருக்கிறோம்.

அந்த வீட்டின் வழக்கங்களை அறிந்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருப்பீர்கள். குழந்தையின் உடல் அனலாய்க் காய்ந்து, இரண்டொரு நாளில் மேனியில் முத்து அரும்பியவுடன், வீட்டிலுள்ள மூத்தவள் நோயின் பெயரைச் சொல்லமாட்டாள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லுவாள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அதைக் கண்டு அயலார் உள்ளே வராமல் திரும்பிவிடுவார்கள். அன்று முதல் அந்த வீட்டு அடுப்பில் தாளிக்கும் ஓசை கேளாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது, கவிச்சி நுழையாது. நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் பத்தியம், மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு என்ற பேதம் அங்கே கிடையாது. வீடு முழுவதும் ஒரே பத்தியந்தான். பிள்ளையை வேப்பிலையின்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, அரிப்புத் தாளாமல் அது கையைத் தூக்கும்போதெல்லாம், நகம் படாதபடி ஒரு வேப்பங்கொத்தால் மெல்ல வருடிக்கொண்டு, மாரியம்மன் தாலாட்டை யாரேனும் படிக்க, இரவெல்லாம் ஒருத்தி பக்கத்தில் விழித்திருப்பாள். முத்து இறங்கியபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு இளநீர், மோர், பானகம், துள்ளுமாவு இவையே ஆகாரம்.

இதையும் சமயபுரத்துச் சந்நிதியையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். மாசி கழிந்து பங்குனி பிறக்கும் காலம், கொள்ளிடத்து மணல் சுடத் தொடங்கும் காலம், நம் முன்னோர் வைசூரி என்னும் பெரியம்மைக்கு நடுங்கிய காலம். சரியாக அந்தக் காலத்தில், ஊரில் முதற் குழந்தைக்கு முத்து அரும்புவதற்கு முன்பே, அன்னை நோயாளியின் உணவைத் தன் உணவாக ஏற்றுக்கொள்கிறாள். அரசியின் கோலத்தில் எட்டுக் கரங்களோடு வீற்றிருக்கிறவள், நோயுற்ற ஏழைப் பிள்ளையின் பாயருகே வந்து, அது உண்பதையே உண்டு, அது விலக்குவதையெல்லாம் தானும் விலக்கி இருக்கிறாள்.

இந்தக் கருத்து நம்மவருக்கு எங்கிருந்து தோன்றியிருக்கும்? சாஸ்திரங்களில் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பால்குடி மாறாத குழந்தைக்கு மாந்தமோ காய்ச்சலோ கண்டால், நம் ஊர் மருத்துவச்சிகள் மருந்தைக் குழந்தையின் வாயில் மட்டும் ஊற்றிவிட்டுப் போவதில்லை. தாய்க்கும் மருந்து கொடுப்பார்கள். தாய் புளியை நிறுத்துவாள், காரத்தை நிறுத்துவாள், விரும்பிய காயையும் மீனையும் நிறுத்துவாள். நோய் பிள்ளைக்கு, பத்தியம் தாய்க்கு. தன் உடம்பு வழியாகவே பிள்ளையின் உடம்பு தேறவேண்டும் என்பதால் அவள் இதைத் தியாகம் என்றுகூட எண்ணமாட்டாள். யாரேனும் புகழ்ந்தால் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பாள். தமிழ்நாட்டில் எத்தனையோ தலைமுறைகளாக ஒவ்வொரு குடிசையிலும் நடந்துவந்த இந்தச் சாதாரணமான செய்கைதான் சமயபுரத்தில் திருவிழாவாக உயர்ந்திருக்கிறது. உலகத்து உயிர்களெல்லாம் தன் மடியில் பால் குடிக்கும் பிள்ளைகள் என்று ஒரு தெய்வம் கருதுமாயின், அவர்களுக்கு நோய் வரும் பருவத்தில் அது வேறென்ன செய்யும்?

இங்கே கற்றவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். அகிலாண்டங்களுக்கும் படியளக்கிற அன்னபூரணிக்குப் பசி ஏது, பட்டினி ஏது? மடைப்பள்ளியில் அரிசி களையாததனால் பரம்பொருளுக்கு என்ன குறைந்துவிடும்? இது நியாயமான கேள்வியே. ஆனால், இந்தக் கேள்வியைக் கேட்பவர் பச்சைப் பட்டினியை மட்டும் நிறுத்திக் கேட்கக் கூடாது. நம் ஆலய வழிபாடு முழுவதையுமே கேட்கவேண்டும். உறக்கமில்லாத தெய்வத்துக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறோம்; தூய்மையே உருவான தெய்வத்தை நீராட்டுகிறோம்; பசியில்லாத தெய்வத்துக்கு ஆறு காலமும் அமுது படைக்கிறோம்; இரவில் பள்ளியறையில் பால் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். ஆகமம் இவற்றையெல்லாம் உபசாரம் என்று சொல்லி, உயிருள்ள ஒருவருக்குச் செய்வதுபோலவே செய்யவேண்டும் என்று விதிக்கிறது. அப்படி ஊட்டுவது மெய் என்று நாம் கொண்டால், ஊட்டாதிருப்பதும் மெய்யாகவே ஆகும். மற்ற நாளெல்லாம் தளிகை சமர்ப்பிக்கும் கை, அதை நிறுத்தும் 28 நாளிலும், தான் தினந்தோறும் உணவிட்ட ஒருத்தி இன்று உண்ணவில்லை என்பதை உணர்ந்தே ஆகவேண்டும். அந்த உணர்வு அர்ச்சகருக்கு மட்டும் உரியதன்று. இந்த நாள்களில் மஞ்சளாடை உடுத்தி, தாமும் ஒருபொழுது உண்டு, தரையில் படுக்கும் பல்லாயிரவர், தங்கள் வேண்டுதலுக்காக மட்டும் அப்படி இருக்கவில்லை. ஆத்தாள் சாப்பிடாமல் இருக்கும்போது நாம் எப்படி வயிறார உண்பது என்ற எளிய நாணமே அவர்களை அப்படி இருக்கச் செய்கிறது. இந்த நாணத்தைவிடச் சிறந்த பக்தி எதுவென்று நான் அறியேன்.

இனி, இந்த வழிபாட்டின் பழமை. மழையையும் கொப்புள நோயையும் ஒரு பெண்தெய்வத்தோடு சேர்த்து எண்ணும் எண்ணம் தமிழகத்தில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையே போதிய சான்று. கண்ணகியின் சீற்றத்துக்குப் பிறகு பாண்டிநாட்டில் மழை பொய்த்தது என்றும், வறுமையோடு வெப்பு நோயும் கொப்புளங்களும் தொடர்ந்தன என்றும், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் அவளைச் சாந்தி செய்து விழாவெடுத்தபின் மழை பெய்து துன்பம் நீங்கிற்று என்றும் அது கூறுகிறது. அவனைத் தொடர்ந்து கொங்கிளங்கோசரும், இலங்கைக் கயவாகுவும், சோழன் பெருங்கிள்ளியும் அவளுக்கு விழாச் செய்தார்கள் என்றும் அந்தக் கட்டுரை சொல்லுகிறது. செழியன் செய்த சாந்தியில் ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்பட்டார்கள் என்பதைப் படிக்கும்போது நம் நெஞ்சு துணுக்குறுகிறது. தெய்வத்தின் சினத்துக்கு மனித உயிரை ஈடாகக் கொடுத்த அந்த நெடுந்தொலைவிலிருந்து, மனித உயிருக்காகத் தெய்வம் தன் உணவையே ஈடாகக் கொடுக்கும் சமயபுரத்து நோன்பு வரைக்கும் தமிழரின் சமய உள்ளம் நடந்து வந்திருக்கிறது. நம் வரலாற்றில் அரசர்களின் வெற்றிகளைவிட இந்த யாத்திரையே பெரிதென்பது என் எண்ணம்.

ஈழத்தின் கீழ்க்கரையில், மட்டக்களப்புப் பகுதியில், கண்ணகியம்மனுக்கு வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே சினமாறக் குளிர்விக்கப்படுகிறவள் கண்ணகியாகவே இருக்கிறாள். வடநாட்டில் சீதளா தேவி இருக்கிறாள். கழுதை வாகனமும், கையில் துடைப்பமும் நீர்க்குடமும் உடைய அவளுக்குரிய அஷ்டமியும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான் வருகிறது. அன்று வீட்டில் அடுப்பு மூட்டாமல், முதல் நாள் சமைத்து ஆறிய உணவைப் படைத்து, அதையே எல்லோரும் உண்கிறார்கள். தீயை அவித்துக் குளிர்ச்சியை நாடுவது இரண்டு இடங்களுக்கும் பொது. வடக்கே அந்த ஒரு நாள் நியமம் குடும்பத்தார் காப்பது. சமயபுரத்தில் 28 நாள் நியமம் தேவியே காப்பது. இந்த வேற்றுமையைக் கண்டபோது எனக்கு நம் ஊரைப் பற்றிப் பெருமிதம் ஏற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நண்பர்களே, இவ்வளவு சொன்னபின், இந்த வழிபாட்டின் நிழலிலே நிகழ்ந்த ஒரு துயரத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வைசூரியைத் தடுக்க 1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் கண்டறிந்த அம்மைப்பால் முறை, ஆறே ஆண்டுகளில், 1802-இல், பம்பாய்த் துறைமுகத்தை வந்தடைந்தது. சென்னை மாகாணத்திலும் அதே காலத்தில் அம்மை குத்துதல் தொடங்கிற்று. பிற்காலத்தில் கிண்டியில் ஏற்பட்ட கிங் ஆய்வு நிலையம் தொடக்கத்தில் அம்மைப்பால் தயாரிப்பதையே தன் முதற்பணியாகக் கொண்டிருந்தது. ஆனால், அம்மை குத்துகிறவர் கிராமத்துக்குள் வந்தால் குழந்தைகளை நெற்குதிருக்குள் ஒளித்துவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆத்தாள் விளையாட வரும் உடம்பில் ஊசி குத்தினால் அவள் சினப்பாள் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தால் பார்வையிழந்தவர்களும், முகம் தழும்பேறியவர்களும், தொட்டிலிலேயே மடிந்தவர்களும் எத்தனையோ பேர். அன்னையின் பெயரால் அன்னையின் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட தீங்கு அது. பிள்ளைக்காகத் தன் உணவையே விடுகிறவள், பிள்ளையைக் காக்கும் மருந்தைத் தடுப்பாளா என்று அன்று யாரேனும் அழுத்தமாகக் கேட்டிருக்கவேண்டும். கோயில் வாசலிலேயே நின்று கேட்டிருக்கவேண்டும்.

இந்தியாவில் வைசூரி கடைசியாகக் கண்டது 1975-இல். உலகத்தை விட்டே அது ஒழிந்ததென்று 1980-இல் உலக சுகாதார மாநாடு அறிவித்தது. அப்படியானால் இந்தப் பட்டினி இனி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்த நோன்பு வைசூரிக்கு மருந்தாக ஏற்பட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு விடையில்லை. 1980-இலேயே அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது மருந்தாக ஏற்பட்டதன்று. நோயாளியைத் தனியே விட்டுவிடாமல், அவன் துன்பத்தில் ஒரு பங்கைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டு அவன் அருகே இருப்பது என்ற தர்மத்தின் உருவம் அது. ஒரு நோய் போனால் இன்னொரு நோய் வருகிறது. மருத்துவமனைகளின் நீண்ட தாழ்வாரங்களில், யாரோ ஒருவரின் படுக்கைக்குக் கீழே பாய் விரித்து, வீட்டிலிருந்து வந்த சோற்றைப் பிரிக்க மனமின்றி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களல்லவா? அவர்களுள் பலர் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு சமயபுரத்துத் திருநீற்றையும் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நோன்பை அறிந்த தெய்வம் ஒன்று வேண்டாமா?

விரதம் நிறைவுபெற்றபின் சித்திரை முதற் செவ்வாய்க்கிழமையன்று தேர். அதற்கு முந்திய நாள்களிலேயே சாலைகள் மஞ்சளாகிவிடுகின்றன. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிலிருந்து, பால்குடம் ஏந்தியும் தீச்சட்டி எடுத்தும் அலகு குத்தியும் கால்நடையாக மக்கள் வருகிறார்கள். வழியெங்கும் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அன்னை தன் நோன்பில் அருந்திய அதே பொருள்கள் இப்போது வழிநடையாளரின் தாகம் தீர்க்க வருகின்றன என்பதைப் பந்தல் போடுகிறவர்கள் எண்ணிச் செய்கிறார்களோ இல்லையோ, செய்கை அழகாகவே பொருந்துகிறது. அந்தக் கூட்டத்தில் என் கண்ணை எப்போதும் இழுப்பது கரும்புத் தொட்டில். நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்து வேண்டிக்கொண்டு பெற்றவர்கள், கட்டுக் கரும்பின் நடுவே சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, கணவன் முன்னும் மனைவி பின்னுமாகச் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். தாரை தப்பட்டை முழங்க, தேங்காய் சிதற, வெயில் கொளுத்த, அந்தச் சந்தடியில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்.

பூச்சொரிதலுக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பூவண்டிகள் இப்போது ஒன்றையொன்று விஞ்சும் விளக்கலங்காரமும் ஒலிபெருக்கியுமாக மாறிவருகின்றன. எங்கள் தெரு வண்டி பெரிது, உங்கள் தெரு வண்டி சிறிது என்ற போட்டியும் தலைகாட்டுகிறது. நோன்பிருக்கிற ஒருத்தியைப் பார்க்கப் போகிறோம் என்பதை மறந்தால்தான் இப்படியெல்லாம் செய்யத் தோன்றும். நோயாளி இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வதுபோல, அந்த 28 நாளில் அவள் சந்நிதிக்குள் நுழைகிறவர்களும் தாழ்த்திக்கொள்ளலாம். பூவைக் குறைக்கவேண்டியதில்லை, இரைச்சலைக் குறைத்தால் போதும். மிஞ்சும் பணத்தில், அந்தந்தத் தெருவில் நோயில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு மாதத்து இளநீருக்கும் மருந்துக்கும் வழி செய்தால் அதுவும் பூச்சொரிதலில் சேரும்.

இன்னும் ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது. எல்லோருக்காகவும் பசித்திருக்கிறாளே, இவளை விசாரிக்க யாருமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார். மாசிக்கு முந்திய தை மாதத்தில், பூசத்தன்று, அன்னை சமயபுரத்திலிருந்து புறப்பட்டுக் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருளுவாள். அங்கே தீர்த்தவாரி கண்டருளிய பிறகு, ஆற்றுக்கு அப்பாலிருந்து, திருவரங்கத்து அரங்கநாதன் தன் தங்கைக்கு அனுப்பும் சீர்வரிசை வந்து சேரும். பட்டுச் சேலையும் மாலையும் மங்கலப் பொருள்களும் தட்டுத் தட்டாகக் கோயில் மரியாதையோடு வரும். சைவம், வைணவம், கிராம தேவதை என்று நூல்களில் நாம் பிரித்து எழுதும் பிரிவுகளெல்லாம் அந்த ஆற்றங்கரையில் அண்ணன் தங்கை உறவாக ஆகிவிடுகின்றன. கட்டிக்கொடுத்த பெண் அவள் வீட்டில் என்னென்ன பாடுபடுவாள் என்பது பிறந்த வீட்டாருக்குத் தெரியும். இன்னும் சில வாரங்களில் அவள் நோன்பு தொடங்கப்போகிறாள் என்பதும் தெரியும். ஆகவே அதற்கு முன்பே சீர் வந்துவிடுகிறது. அன்றிரவு கொள்ளிடக் கரையில் கூடும் பெண்களைக் கவனித்திருக்கிறேன். தட்டுகளில் என்னென்ன வந்திருக்கின்றன என்று எட்டிப் பார்த்து, சேலை என்ன நிறம், கரை எத்தனை அகலம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தம் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சீரைப் பார்ப்பவர்களைப்போலவே அவர்கள் மகிழ்கிறார்கள்.